பொன்னம்பலத்தாரின் கண்பார்வைக் கொப்பி

அத்தியாயம் ஏழு

சிரிப்பு வருகிற இடங்களில் தாராளமாகச் சிரித்துவிடுங்கள் பிள்ளைகளே. கடைசிப் பக்கத்தில் சிரிப்புக்கு இடம் வைக்க என்னால் முடியவில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றிமூன்று, ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் இரண்டு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போனவர் துப்பறிகிற இராஜநாயகம். ஒரு காப்புறுதிக் கம்பனியில் தீ விபத்து விசாரணை செய்தவர். கடை தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று சாம்பலைக் கிளறிச் சொல்வது வேலை. எண்பத்திமூன்று கலவரத்தில் எரிந்த தமிழ்க் கடைகளைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். கம்பனி அவருக்கு ஒரு மணிக்கூடு பரிசளித்து வீட்டுக்கு அனுப்பியது.

பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தவள் அவருடைய உதவிக்காரி ஐறீன். கொட்டாஞ்சேனைக்காரி, முப்பத்தெட்டு வயது. முன்பு ஒரு ஹோட்டலில் ரெலிபோன் ஒப்பறேற்றராக இருந்தவள். மூன்று மொழியும் தண்ணீர்பட்ட பாடு. வாயும் அப்படித்தான்.

"சேர், கொஞ்சம் மெல்ல நடவுங்கோ. இண்டைக்கு ராகு எங்கடை பக்கம்."

"என்ன சொல்லுறீர்?"

"விடியவே பொலிசுக்குப் போனனான். சார்ஜனோடை கதைச்சன். இன்ஸ்பெக்ரர் மஹத்தயா பத்தரைக்குப் பிறகுதான் வாறாராம். பத்தரையிலிருந்து பன்னிரண்டு மட்டும் ராகுகாலமாம். அந்த நேரத்திலை மனிசன் ஒரு காகிதத்திலையும் கையெழுத்து வைக்கமாட்டாராம். பன்னிரண்டடிக்கத்தான் சிவானந்தன்ரை தடுப்புக்காவல் ஓடரிலை வைப்பாராம். பன்னிரண்டே காலுக்கு வான் வெளிக்கிடுது."

"சார்ஜன் கலண்டரைப் பாத்தோ ராகுகாலம் சொன்னவர்?"

"இல்லை சேர், தேத்தண்ணி குடிச்சுக்கொண்டே சொன்னவர். அவையளுக்கு அதெல்லாம் வாயிலை நிக்குது. எங்கடை கொட்டாஞ்சேனைக்குள்ளை ராகு இறங்கிறேல்லை. அந்தோனியார் விடமாட்டார்."

இராஜநாயகம் சிரிக்கவில்லை. ஆனால் நடையைக் கொஞ்சம் குறைத்தார். ஏதோ ஒன்று அவருடைய மண்டைக்குள் இடம் தேடி உட்கார்ந்தால் அவர் அப்படித்தான் செய்வார்.

வழக்கை இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். ஒன்பது நாளுக்கு முன், புதன்கிழமை காலை, இந்த ஒழுங்கையில் பொலிஸ் சுற்றிவளைப்பு. ஒரு வீட்டுக் கேற்றடியில் ஒரு பார்சல் கிடந்தது. பிரித்தால் பன்னிரண்டு ரோச் பற்றறி, நாலு கட்டிச் சவர்க்காரம், ஒரு பெட்டி மெழுகுதிரி. இதென்ன பெரிய குற்றம் என்று கேட்காதீர்கள். அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றறி அனுப்புவதும் வெடிகுண்டு அனுப்புவதும் பொலிசுக்கு ஒன்றுதான். வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்த சிவானந்தனைக் கொண்டுபோனார்கள். இருபத்திமூன்று வயது, புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதுகிறவன். பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து விழுந்தால் தெற்கே எங்கேயோ ஒரு முகாம். விசாரணை இல்லை. ஒரு வருடமோ, மூன்று வருடமோ, யாரும் சொல்லமாட்டார்கள். அவனுடைய அக்கா பத்மாவதி, பள்ளிக்கூட ரீச்சர், இராஜநாயகத்தைத் தேடி வந்து அழாமல் பேசிவிட்டுப் போனாள்.

அவனுக்கு எதிராக இருந்தது ஒரே ஒரு சாட்சி. வீட்டுக்காரர் பொன்னம்பலத்தார். ஓய்வு பெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். பார்சலை அவன் வைத்ததை அவர் தன் இரண்டு கண்ணாலும் கண்டாராம்.

கேற்றைத் திறந்ததுமே விறாந்தைச் சாய்மனைக் கதிரையிலிருந்து குரல் வந்தது.

"கேற்றைச் சாத்திப்போட்டு வாருங்கோ. ரெண்டு பேர். ஒருதர் சப்பாத்து, மற்றவ குதிச்செருப்பு."

"பாத்தீங்களோ சேர்," ஐறீன் காதோடு சொன்னாள். "இந்தத் தூரத்திலையிருந்து என்ரை குதியைக்கூட விடேல்லை. இந்தக் கண்ணோடை நாங்கள் எங்கை மல்லுக்கட்டிறது?"

"கண்ணோ?" என்றார் இராஜநாயகம்.

பொன்னம்பலத்தாருக்கு எழுபத்தொன்று. முழுக்கை வெள்ளைச் சேட்டு, கழுத்துப் பொத்தான்வரை பூட்டி, நெற்றியில் மூன்று திருநீற்றுக்குறி நேராக. வந்த விசயத்தைக் கேட்டதும் முகம் இறுகியது.

"அந்தப் பொடியனிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. ஒழுங்கான பிள்ளை. ஆனா நான் கண்டதைச் சொல்லாமல் விடேலுமோ? முப்பத்திரண்டு வருசம் றெயில்வேயிலை. சிவப்பைப் பச்சை எண்டு ஒருநாள் சொல்லியிருந்தா நூறு சனம் செத்திருக்கும்."

"உங்கடை கண்ணிலை ஆரும் குறை சொல்லேல்லை ஐயா," என்றார் இராஜநாயகம்.

"சொல்லேலாது. எழுத்திலை இருக்கு. கொழுந்து, அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு வா."

உள்ளேயிருந்து அவருடைய மனைவி சிவக்கொழுந்து வந்தார். மெலிந்த உருவம், வெளிறின ஹவுஸ்கோட். ஒரு கையில் தேத்தண்ணித் தட்டம், மறு கையில் தடித்த சீ.ஆர். கொப்பி. இரண்டையும் வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரம் நின்றார்.

கொப்பியில் என்ன இருந்தது தெரியுமா பிள்ளைகளே? பென்சன் எடுத்த எண்பத்திநாலாம் ஆண்டிலிருந்து பொன்னம்பலத்தார் தன்னுடைய கண்ணைத் தானே ஒவ்வொரு நாளும் சோதித்த கணக்கு. திகதி, வலது, இடது, வாசித்த வரி. ஒன்பது வருடத்தில் ஒருநாள் தவறவில்லை. வலது சரி, இடது சரி.

"வேலையிலை இருக்கேக்கை டொக்டர் சோதிச்சார். பென்சனுக்குப் பிறகு ஆர் சோதிக்கிறது? நான்தான். இந்தா, இதிலை வந்து நில்லும் பிள்ளை."

கூடத்து வாசலில் சிவப்புப் பெயின்ற் கோடு ஒன்று இருந்தது. அங்கிருந்து எதிர்ச் சுவருக்குச் சரியாக இருபது அடி, நாடா பிடித்து அளந்தது. சுவரில் புறக்கோட்டை நகைக்கடை ஒன்றின் தினக்கலண்டர். ஐறீன் கோட்டில் நின்றாள்.

"ஒரு கண்ணை மூடும். அமத்தாதையும். அமத்தினா கையை எடுத்தபிறகு அந்தக் கண் மங்கும், சோதனை பிழைக்கும். உள்ளங்கையைக் குழிச்சு, கோப்பை மாதிரிப் பிடிக்கவேணும். விரலிடுக்காலை பாக்கிறது களவு. ஓ, இப்ப மேலையிருந்து வாசியும்."

"மேலை ஒரு அம்மன் படம்."

"அது முருகன்."

"சொறி முருகா. பெரிய இலக்கம் தெரியுது. வெள்ளிக்கிழமை எண்டு தெரியுது. அதுக்குக் கீழை..." ஐறீன் கழுத்தை நீட்டினாள். "எறும்பு வரிசையாப் போகுது ஐயா."

"எறும்பில்லை, எழுத்து! ராகுகாலம் பத்து முப்பது முதல் பன்னிரண்டு வரை!" பொன்னம்பலத்தார் கதிரையிலிருந்து எழும்பி வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்று, இடது கண்ணைக் குழித்த உள்ளங்கையால் மூடி ஒருமுறை, வலது கண்ணை மூடி ஒருமுறை, அதே வரியைக் கணீரென்று சொன்னார். "உமக்குக் கண்ணாடி வேணும் பிள்ளை. இந்த வயதிலையே இப்படியெண்டா!"

ஐறீனின் முகம் விழுந்துவிட்டது. "இவ்வளவு நாளும் என்ரை கண்ணைக் காட்டித்தானே சேர் உங்களிட்டைச் சம்பளம் வாங்கினனான்."

"இன்ஸ்பெக்ரர் மஹத்தயாவும் இப்படித்தான் அசந்துபோனவர்," என்றார் பொன்னம்பலத்தார். "தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனா இலக்கமும் சரி போட்டதும் விளங்குந்தானே. ஒன்பது வருசக் கணக்கு! 'இப்படி ஒரு சாட்சி எனக்கு இதுவரை கிடைக்கேல்லை'யெண்டு கை குடுத்தவர்."

இராஜநாயகம் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். எண்பத்திநாலில் 'சரி' அடையாளம் ஒவ்வொன்றும் கட்டத்துக்குள் அடங்கி நின்றது. தொண்ணூறில் கட்டத்தைத் தாண்டிக் கால் வைத்தது. இந்த வருடம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தது. அவர் கொப்பியை மூடாமலே கேட்டார்.

"ஐறீன், கேற்றாலை பாரும். காலி வீதியிலை போற பஸ் என்ன நம்பர்?"

"நூற்றியொண்டு, மொறட்டுவ. புட்போட்டிலை நாலு பேர் தொங்கீனம், ஒருதருக்குக் கண்ணாடி." சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். ஒழுங்கை முகப்பு நூறு யார் தூரத்துக்கு மேல். திரும்பிக் கலண்டரைப் பார்த்தாள். பிறகு பொன்னம்பலத்தாரைப் பார்த்தாள்.

இருபது அடியில் அந்த எழுத்தை எந்த மனிதக் கண்ணாலும் வாசிக்க முடியாது.

"பேப்பர் வாசிப்பீங்களோ ஐயா?" என்று இராஜநாயகம் சாவகாசமாகக் கேட்டார்.

"கொழுந்து வாசிச்சுச் சொல்லுவாள். சண்டை துவங்கின பிறகு பேப்பர்க்காரர் மை சரியாப் போடுறேல்லை. எழுத்தெல்லாம் சாம்பல்."

"கடல் பக்கம் தெளிவாத் தெரியுமோ?"

"உப்புக் காத்து. வெள்ளவத்தையிலை எப்பவும் பனிமூட்டம் மாதிரி ஒரு புகார்தானே."

"உண்மை," என்று சொல்லிக்கொண்டே இராஜநாயகம் சுவரடிக்குப் போனார். "நல்ல வடிவான முருகன்." அகன்ற முதுகு கலண்டரை மறைத்தது. ஒரு இருமல். அந்த இருமலுக்குள் ஒரு தாள் கிழிபட்டுச் சட்டைப் பைக்குள் போனது. "ஐயா, உங்கடை கொப்பியிலை இண்டைக்கு நான் சாட்சி போடப்போறன். கடைசியா ஒருக்கால் வாசியுங்கோ."

பொன்னம்பலத்தார் கோட்டில் குதிக்காலை ஒட்டி வைத்து நின்றார். கண்ணை மூடினார்.

"வெள்ளி. ராகுகாலம் பத்து முப்பது முதல் பன்னிரண்டு."

"மற்றக் கண்?"

"வெள்ளி. பத்து முப்பது முதல் பன்னிரண்டு."

"ஐயா, அதிலை..." என்று ஐறீன் வாயைத் திறந்தாள்.

"வேண்டாம் பிள்ளை," என்றார் சிவக்கொழுந்து. மிக மெதுவாக. அவர் கலண்டரைப் பார்க்கவே இல்லை.

இராஜநாயகம் பையிலிருந்து தாளை எடுத்துப் பொன்னம்பலத்தாரின் கையில் வைத்தார். "இதுதான் வெள்ளிக்கிழமை. சுவரிலை இப்ப தொங்கிறது சனி. ஒன்பதிலிருந்து பத்தரை."

அந்த மனிதர் நடந்து போனார். இருபது அடி. மூக்கு முருகனில் முட்டுமளவுக்குக் கிட்டப் போய், விரலால் எழுத்தைத் தடவி, எவ்வளவு நேரம் நின்றார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு ராகுகாலம். எங்களில் யாருக்குத்தான் அது மனப்பாடம் இல்லை? ஏழு நாளும் ஏழு வரி, சின்ன வயதில் பாய்விரித்துப் படுக்கமுதல் சொல்லிக்கொடுத்தது. மனதுக்குள் ஓடிய வரியைக் கண் வாசித்ததாக அவர் ஒன்பது வருடம் நம்பியிருந்தார்.

"நான் களவெடுத்தனானோ?" என்றார் சுவரைப் பார்த்தபடி.

"இல்லை ஐயா. உங்களுக்கே தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றார் சிவக்கொழுந்து. "மூண்டு வருசத்துக்கு முன்னம் ஒருநாள் தாளைக் கிழிக்க மறந்துபோனன். அண்டைக்கும் பிழையில்லாமல் வாசிச்சவர். நான் என்னெண்டு சொல்லுறது? அந்தக் கொப்பி ஒண்டுதானே அவருக்கு இருந்தது."

பொன்னம்பலத்தார் திரும்பிவந்து கதிரையைக் கையால் தேடி உட்கார்ந்தார். நேர்மையான மனிதர்கள் விழும்போதுகூட நேராகத்தான் விழுவார்கள்.

"அப்ப அந்தப் பிள்ளையை நான்... எழுதிக்கொள்ளுங்கோ. உள்ளதைச் சொல்லுறன். காலமை ஆறேகால். இதிலைதான் இருந்தனான். கேற்றடியிலை வெள்ளையா ஒரு உருவம் குனிஞ்சு நிமிந்துது. 'ஆரது'வெண்டு கேட்டன். 'மேலறைச் சிவானந்தன், என்னத்தையோ வைக்கிறான்' எண்டு கொழுந்து சொன்னாள். அவள் சொன்ன உடனை எனக்கு அவன்ரை முகமும் தெரிஞ்சுது. சத்தியமாத் தெரிஞ்சுது."

"அம்மா அப்ப எங்கை நிண்டவ?" என்று கேட்டாள் ஐறீன்.

"குசினியிலை," என்றார் சிவக்கொழுந்து. பதில் கேள்வியை இடித்துக்கொண்டு வந்தது.

"குசினி வீட்டுக்குப் பின்னுக்கல்லோ அம்மா இருக்கு. அங்கை நிண்டு கேற்றைப் பாக்கிறதெண்டா என்னட்டையும் அந்தக் கண்ணை ஒருக்கால் கடன் தாங்கோ."

"இல்லை." இதைச் சொன்னது பொன்னம்பலத்தார். ஒரு கையை உயர்த்தியிருந்தார். தூரத்து றெயில் சத்தத்தைப் பிடிக்கிறவர் மாதிரித் தலை சாய்ந்திருந்தது. "குசினிச் சத்தம் எனக்கு முதுகாலை வரும். அண்டைக்கு முன்னாலை வந்தது. வலப்பக்கம், படியடியிலை. செருப்புக்குக் கீழை மண் கரகரத்தது." கை மெதுவாகக் கீழே இறங்கியது. "நீ வெளியிலையிருந்து வந்துகொண்டு சொன்னனீ."

கடல் பக்கமாக றெயில் ஒன்று போய் முடிந்தது.

"கேற்றடியிலை நிண்டது நீயோ கொழுந்து?"

சிவக்கொழுந்து நிலத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"யாழ்ப்பாணத்திலை இருக்கிற மூத்தவளுக்கு," என்றார். "அவள் தன்ரை எண்ணத்துக்குக் கலியாணம் கட்டினதுக்காக அவளின்ரை பேரை இந்த வீட்டிலை எடுக்கப்படாது எண்டு சொன்னனீங்கள். நான் எடுக்கேல்லை. ஆனா அவள் கடிதம் எழுதினவள். பேரனுக்கு இரவிலை இழுப்பு வருதாம். அங்கை கரண்டும் இல்லை, எண்ணெயும் இல்லை. ரோச்சை அடிச்சுத்தான் பிள்ளைக்கு மூச்சு இருக்கோ எண்டு முகத்தைப் பாக்கிறாளாம். பற்றறி முடிஞ்சுபோச்சாம். வவுனியாவாலை போற ஒரு மனிசி விடிய வந்து கேற்றடியிலை எடுக்கிறனெண்டு சொன்னவ. நீங்கள் கேட்டீங்கள், வாயிலை வந்த பேரைச் சொன்னன். அந்த மனிசி வரமுன்னம் பொலிஸ் வருமெண்டு எனக்குத் தெரியுமோ?"

"வந்தபிறகு?" என்றாள் ஐறீன்.

"வந்தபிறகு நா எழும்பேல்லைப் பிள்ளை. ஒன்பது நாளும் இடியப்பம் அவிச்சுப் பத்மாவதியிட்டைக் குடுத்து விடுறன்."

"நல்லது. ஒரு முகாமிலைபோய் மூண்டு வருசத்துக்கு அவிச்சுக் குடுக்க உங்களை விடுவாங்களோ தெரியாது."

"ஐறீன்," என்றார் இராஜநாயகம்.

சிவக்கொழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நான் வாறன். உடுப்பை மாத்திக்கொண்டு வாறன். உள்ளதைச் சொல்லுறன்."

"அம்மா, இந்தச் சட்டத்துக்கு வயது தெரியாது. கிழவியெண்டு விடமாட்டாங்கள். அந்த வானிலை அவன் இருந்த இடத்திலை நீங்கள் இருப்பீங்கள். பிறகு வவுனியா மனிசி ஆர், கடிதம் எங்கையெண்டு கேப்பாங்கள்."

"இரு கொழுந்து." பொன்னம்பலத்தாரின் குரல் பழைய குரலாகிவிட்டது. "மணி பத்தரை ஆகப்போகுது. ராகுகாலத்திலை இந்த வீட்டாலை ஒருதரும் படி இறங்கேல்லை, இறங்கவும் மாட்டினம். நான் கண்டதைக் கண்டனான். நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாருங்கோ."

"ஐயா! அந்தப் பிள்ளை ஒன்பது நாளா ராகுகாலத்துக்குள்ளைதான் இருக்கிறான்!" ஐறீன் கத்தினாள். "கொப்பியிலை இண்டைக்கு என்ன எழுதப்போறீங்கள்? வலது சரி, இடது சரியெண்டோ?"

அவர் கொப்பியை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். இராஜநாயகம் ஐறீனின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

ஒழுங்கையில் வெயில் ஏறியிருந்தது.

"கிழவியை இழுத்துக்கொண்டு போயிருக்கவேணும் சேர். ஆம்பிளையள் எல்லாரும் ஒண்டு. தன்ரை பெண்டிலெண்டா கண் தெரியுமாம்!"

"ஒரு ஆளை எடுக்கிறதுக்கு இன்னொரு ஆளைக் குடுக்கிறதோ ஐறீன்?"

"அப்ப அந்தத் தம்பி?"

இராஜநாயகத்துக்குத் துப்புகள் எல்லாம் ஒன்றோடொன்று வந்து பொருந்திவிட்டன. செய்தது யார், எப்படி, ஏன், எல்லாம் தெரியும். ஆனால் உண்மையைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு இந்த ஊரில் ஒரு கதவு இல்லை. கொடுத்தால் அது இன்னொருத்தியை விழுங்கும். சாம்பலைக் கிளறிப் பழகியவருக்கு இது புதிதல்ல. ஆனாலும் நடக்கிற வழியில் அவர் இரண்டு தரம் இடறினார்.

பொலிஸ் நிலையத்து வாங்கில் பத்மாவதி இருந்தாள். மடியில் சாப்பாட்டுப் பெட்டி.

"வீட்டுக்கார மாமி காலமையே அனுப்பிவிட்டவ. இடியப்பமும் சம்பலும் சொதியும். அவர்தான் அப்படிச் சொன்னாலும், மாமி எங்களுக்குச் செய்யிற உதவி... சேர், மாமி ஏதும் சொன்னவவோ?"

ஐறீன் மேலே சுழலாத மின்விசிறியை உற்றுப் பார்த்தாள். "சம்பல் பழுதாப்போகும், மூடி வையும்," என்றாள்.

மணி பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது. உள்ளே இன்ஸ்பெக்ரர் மேசைமேல் ஓடரை வைத்துவிட்டு, பேனாவைத் தொடாமல், நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வெளியே வானுக்கு டிறைவர் தண்ணீர் ஊற்றினார்.

பன்னிரண்டுக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் ஒரு உருவம் நின்றது. முழுக்கை வெள்ளைச் சேட்டு. கையில் மடித்த குடை. முழங்காலில் காற்சட்டை கிழிந்து இரத்தம் கசிந்தது. பொன்னம்பலத்தார். தனியாக வந்திருக்கிறார். காலி வீதியைத் தனியாகக் கடந்திருக்கிறார், அதுவும் ராகுகாலத்தில். முதற்படியைக் குடையால் தட்டிப் பார்த்தார். இரண்டாம் படியையும் தட்டினார். ஐறீன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவர் உதறவில்லை.

"இன்ஸ்பெக்ரர் மஹத்தயாவின்ரை மேசை எந்தப் பக்கம் பிள்ளை? எனக்குத் தெரியேல்லை."

'எனக்குத் தெரியவில்லை.' அந்த வாயிலிருந்து அது வந்ததை ஐறீன் மட்டும்தான் அப்படியே கேட்டாள்.

மேசைக்கு முன்னால் அவர் சிங்களத்தில் பேசினார். றெயில்வேச் சிங்களம், பிசிறில்லாதது. "மஹத்தயா, நான் குருடன். என்ரை வாக்குமூலம் பிழை. மேலறைப் பொடியனை நான் காணேல்லை."

இன்ஸ்பெக்ரர் சிரித்துவிட்டார். "ஒன்பது வருசக் கொப்பி காட்டினீரே!"

"அது மனப்பாடம்."

இன்ஸ்பெக்ரர் கையை உயர்த்தினார். "எத்தினை விரல்?"

"தெரியேல்லை."

கிட்ட நகர்த்தினார். "இப்ப?"

"தெரியேல்லை மஹத்தயா."

முந்தைய பொன்னம்பலத்தாராக இருந்தால் மூன்று என்று அடித்துச் சொல்லியிருப்பார். அதைவிட, அந்தத் தூரத்தில் இருந்த கை அவருக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கவும் கூடும். யாருக்குத் தெரியும்?

"பொய்ச் சாட்சிக்கு உம்மை உள்ளுக்குப் போடலாம், தெரியுமோ?"

"போடுங்கோ."

"சரி. அப்ப கேற்றடியிலை நிண்டது ஆர்?"

ஐறீன் ஒரு அடி முன்னால் வந்தாள். இராஜநாயகம் கூடத் தலையைத் தூக்கினார்.

"குருடனிட்டை ஆளைக் கேட்டா நான் ஆரைச் சொல்லுறது?" என்றார் பொன்னம்பலத்தார். "போன முறை ஒரு பேர் சொன்னன். அந்தப் பாவம் போதும்."

அப்போதுதான் இராஜநாயகத்துக்கு விளங்கியது. இரண்டு துப்பறிகிறவர்கள் காலை முழுக்கத் தேடிக் கிடைக்காத கதவு. இன்னொருவரை உள்ளே தள்ளாமல் ஒருவனை வெளியே எடுக்கிற ஒரே வழி. அதன் விலையை இந்த மனிதர் கேட்டுப் பேரம் பேசாமல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்ரருக்குக் கோபம். கெட்டிக்காரச் சாட்சி கைநழுவிப் போன கோபம். சார்ஜனை எழுதச் சொன்னார். எழுதி முடிந்ததும் பொன்னம்பலத்தார் சேட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தடித்த கறுப்புப் பேனா, மூடியைக் கழற்றித் தயாராகப் பிடித்தார்.

"குருடருக்குக் கையெழுத்து என்னத்துக்கு?" இன்ஸ்பெக்ரர் மைப்பெட்டியை மேசையில் தள்ளிவிட்டார். "பெருவிரலை வையும்."

முப்பத்திரண்டு வருடம் ஆயிரக்கணக்கான கடுதாசியில் இங்கிலிசில் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்ட கை. பேனாவை மூடிப் பைக்குள் வைத்தது. சார்ஜன் பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டிக் காகிதத்தில் அழுத்தினார்.

விடுதலைக் காகிதத்துக்கும் ராகுகாலம் ராகுகாலம்தானே. பன்னிரண்டு அடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். அடித்ததும் இன்ஸ்பெக்ரர் கையெழுத்து வைத்தார்.

சிவானந்தனைக் கூட்டிவந்தார்கள். ஒரு பக்கத் தோள் மற்றப் பக்கத்தைவிடக் கீழே இருந்தது. இடது காது வீங்கிக் கறுத்திருந்தது. காலில் செருப்பு இல்லை. பத்மாவதி எழுந்து போய் அவனுடைய சேட்டுப் பொத்தானைப் பூட்டினாள். இரண்டு பொத்தான்தான் இருந்தது.

வெறுங்கால் நிலத்தில் இழுபடுகிற சத்தம் பொன்னம்பலத்தாருக்குக் கேட்டது. எழுந்து நின்றார். மையாயிருந்த பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டார்.

"ஆர் தம்பி அது?"

சிவானந்தன் நின்றான். அவருடைய முகத்தை, நெற்றிக் குறியை, கிழிந்த முழங்காலைப் பார்த்தான். தன்னை வீட்டிலிருந்து கொண்டுபோனபோது இதே முகம் விறாந்தையில் நின்று விரலை நீட்டியது.

"ஒருதரும் இல்லை," என்றான்.

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவரைச் சுற்றிப் பக்கவாசலால் இறங்கிப் போனான்.

குரலை அவர் பிடித்துவிட்டார். குரலில் அவர் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. குடை கீழே விழ, இரண்டு கையையும் கூப்பி, குரல் வந்த திசையில் குனிந்தார். நிமிரவில்லை. ஆனால் அந்த இடத்தில் இப்போது சிவானந்தன் இல்லை. ஒரு கொன்ஸ்ரபிள் பாண் தின்றுகொண்டு நின்றான். கும்பிடு தனக்குத்தான் என்று நினைத்து, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, சரி சரி போ என்று சிங்களத்தில் சொல்லித் தலையை ஆட்டினான்.

"ஹரி, ஹரி. யன்ன."